டயர்கடை மாடியின் மரத்தரையைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
'உதவியாளர்',
நடனக் கூடம்,
டயர்கடைக்கு மேல்மாடி,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச்சந்து.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
தொழில் உரிமப் பிரிவு,
படியேறியதும் வலப்பக்க அறை.

பொருள்: நடனக் கூடம் – தகுதி பெற்ற ஆசிரியை வகுப்பில் நிற்காதது ஏன் என்று விளக்கம் கேட்டது – விளக்கமும் புகாரும் – பெயர்த்து எடுத்துச் சென்ற மரத்தரையைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வாளர் எங்கள் கதவில் ஒட்டிச் சென்ற அறிவிப்பு. (பசை இன்னும் கதவில்தான் இருக்கிறது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. 'தகுதி பெற்ற ஆசிரியை வகுப்பு நேரத்தில் நின்று கற்பிக்காமல் நாற்காலியில் அமர்ந்திருந்தது ஏன்? உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது?' என்று கேட்டு, எழுத்துமூலமான பதிலோடு இன்று நேரில் வரும்படி தங்கள் அலுவலகம் உத்தரவிட்டிருந்தது. வந்துவிட்டோம். அந்தத் தகுதி பெற்ற ஆசிரியை என் மகள். அவளுக்குக் கால் எலும்பு முறிந்திருக்கிறது. அதனால் உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விக்கு இந்தப் பதில் போதும். ஆனால் கால் எப்படி முறிந்தது என்று அறிவிப்பில் கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2. வீட்டிலிருந்து வேறொரு பதில் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். அதில் வரிக்கு வரி 'தாழ்மையுடன்', 'கருணை கூர்ந்து' என்றெல்லாம் இருந்தன. இங்கே தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் அதைக் கிழித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். எதிர்க்கடையில் தாள் வாங்கி வந்து, மடியில் பையை வைத்து அதன்மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஏன் கிழித்தேன் என்பது பின்னால் வரும். தாங்கள் கூப்பிட நேரமாகும் என்று வாசலில் நிற்கும் ஊழியர் சொல்லிவிட்டார், ஆகவே எனக்கும் அவசரமில்லை.

3. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சின்ன வயதிலேயே ஒரு நடனக் குழுவில் சேர்ந்தவள். குழு போன ஊருக்கெல்லாம் போய் ஆடினேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டு முன்னறையில் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் சிலர் இன்று தங்கள் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வருகிறார்கள். சான்றிதழ் மட்டும் என்னிடம் இல்லை. மேடையில் ஆடினால் யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை ஐயா. பிடித்தால் கை தட்டுவார்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கூடம் திறக்க விண்ணப்பிக்க வந்தபோது, என்ன படித்தீர்கள் என்று தங்கள் எழுத்தர் கேட்டார். நடனம் என்றேன். எங்கே என்றார். குழுவில் என்றேன். "அப்ப படிக்கலைன்னு போட்டுக்கறேன்" என்று சொல்லி அப்படியே போட்டுக்கொண்டார். தட்டச்சு செய்யும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

4. இப்படி ஒருநாள் வரும் என்று எனக்கு முன்பே ஒரு பயம் இருந்தது. அதனால்தான் என் மகள், 'உன்கிட்ட கத்துக்கிட்டது போதாதாம்மா' என்று எவ்வளவோ மல்லுக்கு நின்றும், அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கலைக் கல்லூரிக்கு அனுப்பினேன். அங்கே தேர்வில் அவள் ஆடிக் காட்டியது நான் முன்னறையில் சொல்லிக்கொடுத்ததைத்தான். அதற்குத்தான் சான்றிதழும் கிடைத்தது. அந்தச் சான்றிதழின் பேரில், அவள் பெயரில், உரிமம் வந்தது. என்னை 'உதவியாளர்' என்று பதிவு செய்தார்கள். உதவியாளர் கூடத்தைப் பெருக்கலாம், பாட்டைப் போடலாம், பிள்ளைகளின் தலையை வாரிவிடலாம். ஆடிக் காட்டக் கூடாது. நிபந்தனை அப்படித்தான் சொல்கிறது. மகள் பெயரில் இருந்தால் என்ன, என் பெயரில் இருந்தால் என்ன என்று நானும் சரியென்று கையெழுத்துப் போட்டேன்.

5. நடனக் கூடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தகுதியில்லாதவள் சொல்கிறேன், காதில் போட்டுக்கொள்ளவும். மின்விசிறி உயரத்தில் இருக்க வேண்டும். வளர்ந்த பெண் குதித்துக் கையைத் தூக்கினாலும் அது இறக்கையில் படக் கூடாது. கண்ணாடி தரைவரை இறங்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பாதத்தைப் பார்க்க வைப்பது ஆசிரியையின் பாடு. உடை மாற்றும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. காற்று வர ஜன்னல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். இதில் ஒன்றையும் தங்கள் விண்ணப்பத்தில் கேட்கவில்லை. கழிவுநீர் போக ஓட்டை இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். விசாரித்தபோது, நடனக் கூடத்துக்கென்று தனி நிபந்தனை கிடையாது, முடிதிருத்தகத்துக்கும் இறைச்சிக் கடைக்கும் உள்ளதுதான் உங்களுக்கும் என்றார்கள். நாங்கள் எதை வெட்டப் போகிறோம் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. ஓட்டையும் போட்டோம். தாழ்ப்பாளையும் போட்டோம்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது தரை. எங்கள் நடனம் மிதித்தும் குதித்தும் ஆடுவது. குதித்து இறங்கும்போது தரை கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், தரை வாங்காத அடியை எலும்பு வாங்கிக்கொள்ளும். குழுவில் இருந்த காலத்தில் கல்தரை மேடை என்றாலே குதிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்வோம். ஆகவே கூடத்துக்கு இடம் பிடித்ததும் முதல் வேலையாகத் தச்சுவேலை செய்யும் என் தம்பியைக் கூப்பிட்டேன். நான் ஆடிக் காட்டினேன், அவன் காதைத் தரையில் வைத்துக் கேட்டான். கீழே டயர்கடை வைத்திருக்கும் அண்ணன்தான் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டவர். அவர் பழைய டயர்களைக் கட்டை கட்டையாக வெட்டிக் கொடுத்தார். அந்த ரப்பர் துண்டுகளை வரிசையாக வைத்து, அதன்மேல் ரீப்பர் என்னும் ஒல்லியான மரக்கட்டைகளை ஓட்டி, அதன்மேல் இழைத்த பலகைகளைத் தம்பி பொருத்தினான். ஆணித் தலை ஒன்றுகூட வெளியே தெரியாது. முதல்முறை குதித்துப் பார்த்துவிட்டு என் மகள், "அம்மா, தரை என்னைத் தூக்கி விடுது" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுத வாய்க்கும் என்று நினைக்கவில்லை.

7. விண்ணப்பத்துக்குக் கொடுத்த ரசீதின் பேரில் சில மாதங்கள் அந்தத் தரையில் வகுப்பு நடத்தினோம். பிறகு தங்கள் ஆய்வாளர் வந்தார். இடுப்பில் எப்போதும் அளவு நாடா செருகியிருப்பதால் பிள்ளைகள் அவருக்கு 'நாடா மாமா' என்று பேர் வைத்துவிட்டார்கள். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம், பிள்ளைகளின் வாயை யார் கட்டுவது? மாமா செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்தார். கழற்றச் சொன்னேன், ஆய்வு என்றார். நடுவில் நின்று குதிகாலால் தரையைத் தட்டினார். டொக்கென்று கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் டொக். தரை தரமாகப் போட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே இடம் இருந்தால்தானே இறங்கிக் கொடுக்கும்! அவரோ முகத்தைச் சுளித்தார். 'தரை உள்ளே காலி. உறுதியற்றது. இடியும் அபாயம்' என்று எழுதிக்கொண்டார். ஓரப் பலகையைத் தூக்கிப் பார்த்து ரப்பரைக் கண்டதும், 'அடியில் பழைய டயர் பதுக்கிவைக்கப்பட்டுள்ளது' என்றும் சேர்த்துக்கொண்டார். பதுக்கல்காரி என்ற பேர் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

8. நான் விளக்கினேன். தம்பி வந்து விளக்கினான். ஒரு தடவை செருப்பில்லாமல் குதித்துப் பாருங்கள் சார் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அரசுப் பணியில் இருப்பவர் குதிக்க முடியாது என்றார். இறைச்சிக் கடைக்கு உள்ள அதே நிபந்தனைப்படி, தரை கெட்டியாகவும் தண்ணீர் ஊற்றிக் கழுவும்படியும் இருக்க வேண்டுமாம். பலகைகளைத் தங்கள் ஆட்களே வந்து கடப்பாரையால் பெயர்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். தம்பி அன்றைக்குப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான், மேலே வரவில்லை. விண்ணப்பித்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். விண்ணப்பித்தேன். 'அகற்றப்பட்ட பொருட்கள் பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன' என்று பதில் வந்தது. என்ன பயன்பாடு என்று அதில் எழுதவில்லை.

9. கான்கிரீட்டின்மேல் டைல்ஸ் போட்டோம். நாடா மாமா மறுபடி வந்து தட்டினார். சத்தம் வரவில்லை. திருப்தி என்றார், உரிமம் வந்தது. அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டச் சொன்னார்கள், மாட்டியிருக்கிறோம். அன்றிலிருந்து டயர்கடை அண்ணன் மேலே வரும்போதெல்லாம், "முன்ன எல்லாம் மழை பேஞ்ச மாதிரி இருக்கும், இப்ப மண்டையிலயே ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்று தலையைத் தடவிக்கொள்வார். குட்டிப் பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் குதிப்பையெல்லாம் நிறுத்திவிட்டோம். உட்கார்ந்து கையசைவு, கண்ணசைவு என்று ஒப்பேற்றினோம். பெரிய பிள்ளைகளுக்கு அப்படி ஒப்பேற்ற முடியாது. குதிக்கத்தான் அவர்கள் வருகிறார்கள்.

10. இந்த இடத்தில்தான் தங்கள் நிபந்தனைகள் இரண்டும் கை கோத்துக்கொண்டன. தரை கெட்டியாக இருக்க வேண்டும். தகுதி பெற்றவர் மட்டுமே ஆடிக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் நானும் அவளும் வகுப்பைப் பங்கு போட்டுக்கொள்வோம். அவள் காலுக்கு ஓய்வு, என் காலுக்கு வேலை. உரிமம் வந்தபின் எல்லா வகுப்பும் அவள் தலையில், இல்லை, அவள் காலில் விழுந்தது. ஒருநாள் அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் நான் எழுந்து ஒரு குதிப்பை ஆடிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து நாடா மாமா படியேறி வந்தார். 'உதவியாளர் அனுமதியின்றி நடனம் ஆடினார்' என்று எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார். என் சொந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது எழுந்து ஆடினதற்கு ஒரு எச்சரிக்கை! அதைப் படித்துவிட்டு மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி நீ எழுந்திருக்காதே அம்மா, உரிமம் போய்விடும் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

11. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், வலி ஆரம்பித்ததை என்னிடம் சொல்லவில்லை. நீளமான கால்சட்டைக்குள் துணி சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறாள். சொன்னால் நான் எழுந்து ஆடுவேன், ஆடினால் கூடத்தை மூடுவார்கள் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறாள். பெரிய பிள்ளைகளின் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் பாட்டுப்பெட்டியின் பக்கத்தில் இருந்தேன். அவள் குதித்தாள், இறங்கினாள், நிமிரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, பிள்ளைகள் அதுவும் நடனத்தில் சேர்த்தி என்று நினைத்து அவளைப் போலவே தரையில் மடங்கி உட்கார்ந்தார்கள். என் கை பாட்டை நிறுத்தவில்லை. டயர்கடை அண்ணன்தான் ஓடி வந்து அவளைத் தூக்கினார்.

12. எலும்பு மருத்துவரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்படி விழுந்தாய் என்று கேட்கவில்லை. "எந்தத் தரையில ஆடறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். டைல்ஸ் என்றாள். யார் போடச் சொன்னது என்றார். உரிமம் கொடுக்கிறவர்கள் என்றேன். முதலில் மயிரிழைபோல விரிசல் விட்டிருக்கிறது, அதன்மேலேயே ஆடி ஆடிக் கடைசியில் முறிந்திருக்கிறது, எலும்பு கூடிவிடும், ஆனால் கல்தரையில் இனிக் குதிக்கவே கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் மகள் கேட்டாள், மரத்தரை இருந்தால் குதிக்கலாம்தானே என்று.  

13. மாவுக்கட்டு போட்ட மறு வாரமே அவள் கூடத்துக்கு வந்துவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஆடிக் காட்ட ஆளில்லாமல் பிள்ளைகள் தட்டுத் தடுமாறினார்கள். ஆடிக் காட்டத் தெரிந்த நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். அப்போதுதான் நாடா மாமா நான்காம் முறையாக வந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை மட்டும் எழுதிக்கொண்டு போனார். ஆகவே இப்போது நிலைமை இதுதான்: தகுதி உள்ளவளால் நிற்க முடியாது, நிற்க முடிந்தவளுக்குத் தகுதி கிடையாது. இரண்டு பேரையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கூடத்தை ஏன் மூடக் கூடாது என்று கேட்கிறீர்கள்.

14. இனி, வீட்டில் எழுதியதை ஏன் கிழித்தேன் என்று சொல்கிறேன். காலையில் அவளைத் தாங்கிப் பிடித்துத் தங்கள் அலுவலகப் படிகளில் ஏற்றிக் கூட்டி வந்தேன். தாழ்வாரத்தில் புதிதாகப் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். அட, நம்மைப்போலக் கால் கடுக்கக் காத்திருப்பவர்களை யாரோ நினைத்திருக்கிறார்களே என்று மனதுக்குள் வாழ்த்தினேன். சுவரோரப் பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். அவள் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் பலகையைத் தடவினாள். தடவிய கை ஒரு இடத்தில் நின்றது. அங்கே முக்கோணமாக ஒரு கருப்பு. ஒரு நிகழ்ச்சி நாள் காலையில் அவசரத்தில் அவள் சூடான இஸ்திரிப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டாள். அதற்காக நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அந்தக் கருப்புதான் அது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இது நம்ம தரை."

குனிந்து அடியில் பார்த்தேன். தம்பி ஒவ்வொரு பலகையிலும் பென்சிலால் போட்ட அம்புக்குறி அப்படியே இருந்தது. இந்தத் தாழ்வாரத்தில் இருக்கும் பெஞ்சுகள் எல்லாம் எங்கள் கூடத்தின் தரைதான் ஐயா. தங்கள் ஆய்வாளர் உறுதியற்றது என்று எழுதிய பலகைகள். காலையிலிருந்து கனத்த சரீரம் உள்ளவர்கள், பிள்ளைகளை மடியில் வைத்திருப்பவர்கள், மூட்டையோடு வந்தவர்கள் என்று வரிசையாக உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். ஒரு பலகையும் இடிந்து விழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், பழைய சிமெண்டுத் திண்டைவிட இது இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்று சொன்னார். இருக்கும். என் தம்பி போட்டது. காத்திருப்பவர்களின் இடுப்புக்கு இதம் வேண்டும் என்று இந்த அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. குதிக்கிற பிள்ளைகளின் காலுக்கு வேண்டும் என்பதுதான் தெரியாமல் போய்விட்டது. அதன்பிறகு அந்தத் 'தாழ்மையுடன்' என்ற தாளை நான் எப்படிக் கொடுப்பது?

15. ஆகவே கேட்டுக்கொள்வது என்னவென்றால்: கூடத்தில் மரத்தரை போட்டுக்கொள்ள எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். அதற்கு எங்கள் பலகைகளைத் திருப்பித் தர வேண்டும். காத்திருக்கும் மக்களை நிற்க வைக்க நான் விரும்பவில்லை. வேறு பெஞ்சு செய்து போட்டுவிட்டு இவற்றை எடுத்துக்கொள்ளும்படி சொன்னால், என் தம்பியே வந்து கழற்றிக்கொள்வான், கடப்பாரை வேண்டாம். என் மகளின் கால் கூடும்வரை அவள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும், அவள் சொல்வதை நான் ஆடிக் காட்டவும் ஒப்புதல் வேண்டும். பதிவேட்டில் என்னை என்னவென்று வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை. என் மகள் மறுபடி குதிக்க வேண்டும். அதற்கு ஒரு தரை வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

16. இணைப்பில் மருத்துவர் சீட்டும், எக்ஸ்ரே படத்தின் நகலும், டயர் ரப்பர் துண்டு ஒன்றும் உள்ளன. ரப்பர் துண்டு பதுக்கியதில் மிச்சமானது. அதைத் தரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தாங்கள் ஒருமுறை அதன்மேல் ஏறி நின்று பார்க்க வேண்டும். குதிக்கச் சொல்லவில்லை.

17. இந்த மனுவில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்று எனக்குத் தெரியும். உரிமம் மகள் பெயரில் இருக்கிறது. எழுதி முடித்ததும் அவள் தாளை வாங்கி, முக்கோணக் கருப்பின்மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவாள். மற்ற இடத்தைவிட அங்கே பலகை வழவழப்பாக இருக்கிறதாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாங்கள் உள்ளே வருகிறோம். அவள் எழுந்து நடக்கக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட வேண்டாம்.

இடம்: தங்கள் அலுவலகத் தாழ்வாரம், எங்கள் தரையின் மேல்.
நாள்: விசாரணைக்குத் தாங்கள் குறித்த நாளே.

இப்படிக்கு,

(கையெழுத்து)
தகுதியில்லாத ஆசிரியை, நின்றபடி.

(கையெழுத்து)
தகுதி பெற்ற ஆசிரியை, உட்கார்ந்தபடி.